சந்தேகம்: நெதர்லாந்துல உட்ரெக்ட் – கிண்டர்டைக் ஒரே நாள் சைக்கிள் பயணம். ஊரே சமதரை, அப்புறம் ஏன் நாக்கு தள்ளுது?

புதுசா_உட்ரெக்ட்:
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் முழுநாள் சைக்கிள் பயணம் போகலாம்னு இருக்கோம். காலைல 7 மணிக்கு உட்ரெக்ட்ல கிளம்பி, லெக் ஆத்தங்கரையைப் பிடிச்சே ஸ்கோன்ஹோவன், அங்கிருந்து கிண்டர்டைக் காற்றாலைகள், அப்புறம் வடக்கே திரும்பி ஹவுடா, ராத்திரிக்குள்ள வீடு. மேப்ல கூட்டிப் பார்த்தா 110 கி.மீ. சொச்சம் வருது.

போன ஞாயிறு ஒத்திகையா ஹவுடா வரைக்கும் போய்ட்டு வந்தோம். போகும்போது ரெண்டு பேருக்கும் உயிர் போச்சு. வரும்போது அதே ரோடு, அதே வண்டி, மிதிக்காமலே ஓடுச்சு. ரெண்டுமே செகண்ட் ஹேண்ட் சிட்டி பைக், 3 கியர். கோளாறு வண்டியிலயா, எங்க உடம்புலயா? மனைவிக்கு முழங்காலுக்கு முன்பக்கம் வலி வேற.

பின்காத்து:
தம்பி, பதிலை நீங்களே எழுதிட்டீங்க. வண்டியும் சரி, உடம்பும் சரி. காத்துதான்.

இந்த ஊர்ல பெரும்பாலான நாள் காத்து தென்மேற்குலருந்து வரும். உட்ரெக்ட்லருந்து ஹவுடா கிட்டத்தட்ட அதே திசை. பியூஃபோர்ட்ங்கிறது காத்து பலத்தைச் சொல்ற அளவு. 4 பியூஃபோர்ட்னு வானிலைல போட்டா மணிக்கு 20லருந்து 28 கி.மீ. வேகம். நீங்க 15ல போறீங்க, எதிர்ல 25ல அடிக்குதுன்னா முகத்துல படுறது 40. காத்தோட எதிர்ப்பு வேகத்துக்கு வர்க்கமா ஏறும். காத்தே இல்லாத நாளைவிட 7 மடங்கு. அந்த 25ங்கிறது 10 மீட்டர் உயரத்துல அளக்குறது, சைக்கிள் உயரத்துல கொஞ்சம் குறையும். ஆனா டைக் (ஆத்தோரத்து உயரமான மண்கரை) மேல ஏறிட்டீங்கன்னா மறைக்க மரமும் கிடையாது வீடும் கிடையாது. சிட்டி பைக்ல நிமிர்ந்து உக்காந்தா நெஞ்சு முழுக்க கப்பல் பாய் விரிச்ச மாதிரி.

உங்க திட்டத்துல முதல் 50 கி.மீ. பூரா எதிர்காத்து. இறங்கி ஏற மலை இருந்தாலாவது இறக்கத்துல மூச்சு விடலாம், இங்க அதுவும் இல்ல. அதனால வட்டமா சுத்துறதை விட்ருங்க. வண்டியை ரயில்ல ஏத்தி ராட்டர்டாம் போயிடுங்க, முக்கால் மணி நேரம்கூட ஆகாது. எராஸ்மஸ் பாலத்துக்கிட்ட வாட்டர்பஸ் படகு நிக்கும், அதுல சைக்கிளோட ஏறி கிண்டர்டைக் பக்கம் இறங்குங்க. அங்கருந்து வீட்டுக்கு 50 கி.மீ., பெரும்பாலும் காத்து முதுகுல.

ஒண்ணு மட்டும். நல்ல வெயில் நாள்ல சில சமயம் காத்து கிழக்குலருந்து வரும். அப்படின்னா நீங்க போட்ட மாதிரியே உட்ரெக்ட்லருந்து மிதிச்சுப் போய், ராட்டர்டாம்லருந்து ரயில்ல திரும்புங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி வானிலைல காத்து அம்புக்குறியைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, அதுக்கு முன்னாடி எதையும் முடிவு பண்ணாதீங்க.

புதுசா_உட்ரெக்ட்:
அண்ணா, மிக்க நன்றி. வட்டமா வராம பாதி ரயில்ல போறது மனைவிக்கு ஏமாத்து வேலையா தெரியுது, நான் பேசிக்கிறேன். ரயில்ல சைக்கிளுக்கு என்ன விதி? சனிக்கு மழைன்னா ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கலாமா?

டைக்மேல_ஒருத்தி:
ஞாயிறு வேண்டாம் தம்பி. கிண்டர்டைக்குக்குக் கிழக்கே இருக்கிற அல்பிளாசர்வார்ட் பக்கம் சர்ச் பக்தி அதிகமான ஊர்கள். நியூ-லெக்கர்லாண்ட், ஸ்ட்ரீஃப்கெர்க் எல்லாம் ஞாயித்துக்கிழமை கடை கண்ணி மூடி ஊர் அமைதியா இருக்கும். ஒரு காபிக்குக்கூட அலையணும், காபி கிடைக்கலைன்னா கழிப்பறையும் கிடைக்கலைன்னு அர்த்தம்.

ரயில்ல சைக்கிளுக்குத் தனியா ஒருநாள் டிக்கெட் எடுக்கணும், வண்டிக்கு ஒண்ணு. ஜூலை, ஆகஸ்ட் தவிர மத்த மாசத்துல வாரநாள்னா காலை 6.30–9, மாலை 4–6.30 ஏத்த விட மாட்டாங்க. சனி ஞாயிறு பிரச்சனை இல்ல. சைக்கிள் படம் ஒட்டின கதவுல மட்டும் ஏறுங்க. இடம் கொஞ்சம்தான், 9 மணிக்கு முன்னாடியே போயிடுங்க.

பாதைக்கு மேப்பை நம்பாதீங்க, அது லாரி ரோட்டோரமா கூட்டிட்டுப் போகும். க்னோப்புன்ட் எண்களைப் பிடிச்சுப் போங்க. சைக்கிள் பாதை சந்திக்கிற இடத்துக்கெல்லாம் ஒரு எண், அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. வெள்ளைப் பலகை, பச்சை எழுத்து. சந்திப்புல ஊர்ப்படமும் நிக்கும். வரிசையா எண்களைத் துண்டுச் சீட்டுல எழுதி ஹேண்டில்ல டேப் போட்டு ஒட்டிக்குங்க. கையில போனைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினா அபராதம், 2019லருந்து சட்டம். எண் 99க்குள்ளதான், ஒரு வட்டாரம் தாண்டினா அதே எண் திரும்ப வரும். 32ஐத் தேடிக்கிட்டு இருக்கும்போது வேற ஒரு 32 வந்து நிக்கும், குழம்பாதீங்க.

கிண்டர்டைக்ல 19 காற்றாலை, பெரும்பாலானது 1740 வாக்குல கட்டினது. தாழ்வான நிலத்துத் தண்ணியை இறைச்சு ஆத்துல விடத்தான் அவ்வளவு வரிசையா நிக்குது, மாவரைக்க இல்ல. நடுவுல போற பாதைக்குக் காசு கிடையாது, ஆலைக்குள்ள நுழைஞ்சாத்தான் டிக்கெட். 11 மணிக்கு மேல டூரிஸ்ட் பஸ் வந்து இறக்கிடும், முன்னாடியே பார்த்து முடிச்சிடுங்க.

அங்கருந்து தென்கரை டைக் மேலயே ஸ்ட்ரீஃப்கெர்க், க்ரோட்-அமர்ஸ், கெல்கெனெஸ். கெல்கெனெஸ்ல சின்ன ஃபெர்ரி, ஆத்தைத் தாண்டினா ஸ்கோன்ஹோவன். வெள்ளி வேலைக்குப் பேர் போன ஊர், மதியச் சாப்பாட்டுக்கு அதுதான் நல்ல இடம். புளியோதரை கட்டிக்கிட்டுப் போங்க, வழியில கிடைக்கிற சீஸ் பன்னு ரெண்டாவது தடவை இறங்காது. அப்புறம் வடகரையிலயே வ்ரேஸ்வைக் வந்து கால்வாயோரமா உட்ரெக்ட். சனிக்கிழமை டைக்ல மோட்டார் சைக்கிள், பந்தய சைக்கிள் கூட்டம் பறக்கும், ஜோடியா பேசிக்கிட்டே போகாம பின்னால மணி கேட்டா ஒதுங்கிடுங்க.

வேகம்_80:
110 கி.மீ. ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை ப்ரோ. இ-பைக் வாடகைக்கு எடுத்து ஃபுல் ரவுண்ட் அடிங்க.

பின்காத்து:
எதிர்காத்துல இ-பைக் பேட்டரி எவ்வளவு சீக்கிரம் கரையும்னு தெரியுமா? நடுவுல தீர்ந்துட்டா அந்தக் கனத்தை மிதிக்கிறது யாரு?

பழைய_மெக்கானிக்:
காற்றைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், முழங்காலை யாரும் கவனிக்கவில்லை. முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலை பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். சிக்னலில் நிற்கும்போது இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுகிறது என்றால் சீட்டை ஏற்ற வேண்டும். பயணத்தன்று ஏற்றாதீர்கள், ஒரு வாரம் முன்பே ஏற்றிப் பழகிக்கொள்ளட்டும்.

அடுத்தது பஞ்சர். சிட்டி பைக்கில் செயின் பெட்டி, கியர் கம்பி எல்லாம் சேர்ந்து பின்சக்கரத்தைக் கழற்ற விடாது. கழற்றவும் வேண்டாம். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் நெம்பி, ட்யூபை வெளியே இழுங்கள். காற்றடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தருகே கொண்டு போனால் ஓட்டை ஊதுவது தெரியும். தெரியாவிட்டால் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் குமிழி பாருங்கள். உரசி, பசை தடவி, அது காய்ந்து மங்கும் வரை பொறுத்து ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. டயருக்கு உள்பக்கம் விரலால் தடவி கண்ணாடித் துணுக்கை எடுக்காமல் மூடாதீர்கள். வால்வு பெரும்பாலும் நம் ஊர் சைக்கிளில் இருக்கும் அதே வகைதான், பம்பு வாங்கும்போது பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

புதுசா_உட்ரெக்ட்:
ஐயா, நீங்க சொன்ன மாதிரி குதிகால் வச்சுப் பார்த்தோம், சீட் நாலு விரல் தாழ்வா இருந்துச்சு. இப்பவே ஏத்திட்டோம். ராட்டர்டாம் வரைக்கும் ரயில்னு முடிவு. மனைவி ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க: காத்து கிழக்குலருந்து வந்தா, போகும்போதும் சரி வரும்போதும் சரி, ரயில் கூடாதாம். அக்கா, ஃபெர்ரி சனிக்கிழமை சாயந்திரம் எத்தனை மணி வரைக்கும் ஓடும்?

டைக்மேல_ஒருத்தி:
ராத்திரி வரைக்கும் ஓடும்னாலும் கிளம்புற அன்னிக்கு அவங்க தளத்துல பாருங்க, தண்ணி ஏறினாலும் பழுதுனாலும் நிறுத்திடுவாங்க. லைட் ரெண்டும் எரியுதான்னு பார்த்துக்குங்க. நிபந்தனையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.