கணவாய் ஏற்றத்தில் இழுவை போய்விடுகிறது, டர்போ விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஊர் உசிலம்பட்டி. 2017 மாடல் டீசல் பிக்கப், பிஎஸ் 4, காமன் ரெயில் என்ஜின், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்னால் கொக்கி போட்டு கலவை மெஷினை இழுத்துக்கொண்டு தேனிப் பக்கம் சென்ட்ரிங் வேலைக்குப் போவேன், மற்ற நாளில் காய்கறி லோடு.

மூன்று வாரமாக ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது மூன்றாவது கியரில் கரும்புகை கக்கி, உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டு, இழுவை அப்படியே விழுந்துவிடுகிறது. ஓரங்கட்டி சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி அதே கதை. வெறும் வண்டியாக மதுரைக்குப் போய் வந்தால் ஒரு குறையும் இல்லை. ஹீட் முள் நடுவிலேயே நிற்கிறது.

டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் புதுசு. புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வைக் கழற்றிக் கழுவியாச்சு. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தது, அதையும் மாற்றினோம். ஸ்கேனரில் டர்போ பிரஷர் குறைவு என்று மட்டும் வருகிறது. மெக்கானிக் டர்போவையே மாற்றச் சொல்கிறார். இந்த வண்டியை நம்பித்தான் வீடு ஓடுகிறது, சும்மா மாற்றிப் பார்க்க வழியில்லை.

டர்போவைக் கழற்றாமல், கோளாறு டர்போ பிரஷரைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரிலா இன்டர்கூலர் லீக்கிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?