வார்டை விட்டால் நர்ஸுக்கு வேறு என்ன வழி?

அக்கா, அண்ணன் எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். நைட் டியூட்டி முடிகிற நேரம் பார்த்து, ‘அடுத்த ஆள் வரல, மத்தியானம் வரைக்கும் பாத்துக்கம்மா’ என்பார்கள். இடுப்பு தாங்கவில்லை. நர்சிங்கை விட மனசில்லை, வார்டை விட்டால் போதும்.

துணை சுகாதார நிலையத்தில் எம்.எல்.எச்.பி. (மிட்-லெவல் ஹெல்த் புரொவைடர், அதாவது இடைநிலை சுகாதாரப் பணியாளர்) நர்ஸாக இருப்பவர்கள் யாராவது உண்டா? ஒப்பந்த வேலைதானே, சம்பளம் ஒழுங்காக வருகிறதா?

அப்புறம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகளுக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்தபடி இன்சுலின் போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது என்று வீடு வீடாகப் போனால் கட்டுப்படியாகுமா? ஒரு தடவைக்கு எவ்வளவு கேட்கலாம்? சமையலையும் சேர்த்துத் தலையில் கட்டாமலிருக்க முதலிலேயே என்ன பேசிக்கொள்ளணும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலை வேண்டாம். அதற்காகச் சென்னைக்குப் போக வீட்டில் விடமாட்டார்கள்.