மறு: ‘பேஸ் வெயிட்’ – மாறாச்சுமை, தேய்சுமை

அனைவருக்கும் வணக்கம். மலையேறுபவர்கள் முதுகில் சுமக்கும் பையைப் பற்றிச் சொல்லும் ‘பேஸ் வெயிட்’ (base weight) என்பதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைப்பது என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> ‘அடிப்படை எடை’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும் என்பதே என் கவலை. அடிப்படை என்றதும் ‘இன்றியமையாதது’ என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. மலையேறுபவர்கள் சொல்லும் பேஸ் வெயிட் அதுவன்று. பையின் மொத்த எடையிலிருந்து, வழியில் தீர்ந்துபோகும் தண்ணீர், உணவு, அடுப்பு எரிபொருள் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது அது. அந்த மிச்சத்தில் மழைக்கோட்டும் இருக்கும், யாரும் பிரிக்கப்போகாத தடித்த நாவலும் இருக்கும். நாவலை ‘அடிப்படை’ என்ற தலைப்பில் எழுதவைத்துவிட்டு, அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது?

‘வெற்றெடை’யும் எனக்குச் சரியாகப் படவில்லை. வெறும் பையின் எடை என்றே படிப்பவர் கொள்வார். ‘நிலைச்சுமை’ நல்ல சொல்தான். ஆனால் கட்டடப் பொறியாளர்களுக்கு அது கட்டடத்தின் சொந்த எடையால் எப்போதும் இருக்கும் சுமை. அவர்களுடைய சொல்லை நாம் எடுக்க வேண்டாம்.

நான் முன்வைப்பது ஒரு சொல்லை அன்று, ஓர் இணையை: மாறாச்சுமை, தேய்சுமை. நடக்க நடக்கக் குறைவது தேய்சுமை. காலையில் தூக்கியபடியே மாலையிலும் தோளில் கிடப்பது மாறாச்சுமை. தேய்பிறையைப் போலத் தேய்சுமையும் வினைத்தொகை. ஆகவே ‘தேய்ச்சுமை’ என்று ஒற்று மிகாது. மாறாச்சுமையில் மிகும்.

இரண்டையும் சேர்த்தே கேட்பதற்குக் காரணம் ஒருநாள் நடை. பல நாள் நடப்பவர்கள் கூடாரம், உறங்குபை எல்லாம் சேர்த்து மாறாச்சுமையை 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் நாலரை கிலோவுக்குள், அடக்குவதை மிக இலகுவான பயணத்தின் எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் நடைக்குக் கூடாரமே கிடையாது. பை, மழைக்கோட்டு, டார்ச், முதலுதவிப் பொருள்கள், ஒரு ஸ்வெட்டர் எல்லாம் 2 கிலோவுக்குள் முடிந்துவிடும். 3 லிட்டர் தண்ணீரோ தனியாகவே 3 கிலோ. பாரத்தின் பெரும்பங்கு தேய்சுமையில் இருக்கும்போது, மற்றதற்கு மட்டும் பெயர் வைத்தால் பாதி வேலைதான் முடியும்.

குறைக்கும் வழியும் வேறுவேறு. மாறாச்சுமையை வீட்டிலேயே, சமையலறைத் தராசில் ஒவ்வொரு பொருளாக வைத்துக் குறைக்கலாம். தேய்சுமையை வழி தெரிந்தால்தான் குறைக்க முடியும். கோவைக்கு அருகிலுள்ள வெள்ளியங்கிரி மலையில் ஏறுபவர்கள் சுனை நீரை நம்பிப் போகிறார்கள். எந்தச் சுனையில் நீர் இருக்கிறது என்று இறங்கி வருபவர்களிடம் கேட்டுக்கொண்டால், நாள் முழுவதுக்குமான தண்ணீரை அடிவாரத்திலிருந்தே சுமக்க வேண்டியதில்லை. விவரம் தெரியாமல், பாரம் குறையட்டும் என்று ஒரு புட்டியை விட்டுவிட்டுப் போவது ஆபத்து. ‘எடைக்குறைப்பு’ என்று இரண்டையும் ஒன்றாகப் பேசும்போது, புதிதாக மலைக்கு வருபவர்கள் முதலில் கைவைப்பது தண்ணீரில்தான். இந்த விவாதத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

> கலைச்சொல்லுக்கு ‘சுமை’யைவிட ‘எடை’ துல்லியம்.

அம்மா, அளவைக் குறிக்கும் இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ‘மாறாச்சுமையின் எடை 1,800 கிராம்’ என்று எழுதலாம். பிரிக்கப்படுவது பொருள்கள் என்பதால் பெயர் சுமையாகவே இருக்கட்டும்.

நேற்று கேட்கப்பட்ட ஐயங்களுக்கு: தண்ணீர்ப் புட்டி மாறாச்சுமை, உள்ளிருக்கும் நீர் தேய்சுமை. பவர் பேங்க்கில் மின்சாரம் தீர்ந்தாலும் எடை குறைவதில்லை, அது மாறாச்சுமை. ஆரஞ்சுப் பழத்தின் தோலைத் திரும்பக் கொண்டுவருகிறோமே என்றால், புறப்படும்போது போட்ட கணக்குப்படி முழுப் பழத்தையும் தேய்சுமையில் வைப்பதே எளிது.

உடுத்த உடையும் காலணியும் இரண்டிலும் சேராது. அவற்றுக்கு ‘அணிசுமை’ என்று யோசித்திருக்கிறேன். ஆனால் வெள்ளியங்கிரிக்கு எடுத்துப்போகும் மூங்கில் தடியை யாரும் அணிவதில்லை, கையில் பிடிக்கிறோம். உடையையும் தடியையும் சேர்த்துக் குறிக்க வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை கலைச்சொல் பட்டியலில் அந்த வரியை நிரப்பாமல் விட்டுவைக்கிறேன்.