குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது, மைக்கை மாற்றவா?

செங்காங் கதைசொல்லி:
வணக்கம். அக்கா பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதை பதிவு செய்து அனுப்புகிறேன். இத்தனை நாள் கைப்பேசியில்தான். போன மாதம் கண்டென்சர் மைக்கும் (மின்சாரம் தந்தால்தான் வேலை செய்யும் வகை), அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியும் வாங்கினேன். ஹாலில் விசிறி, ஜன்னலுக்கு நேரே எல்ஆர்டி ரயில், விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் அந்தக் குயில் (அதற்குத் தனி இழையே போடலாம்) எல்லாம் சேர்ந்து படுத்தியதால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டரை (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) காலி செய்து, உள்ளே உட்கார்ந்து பதிகிறேன். வெளிச்சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் குரல் மந்தமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) முக்கால்வாசிக்கு மேல் ஏற்றினால்தான் கேட்கிறது, ஏற்றினால் ஒரே இரைச்சல். மடிக்கணினிக்குச் சார்ஜர் போட்டால் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் வேறு. மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பட்டனைப் போட்டுத்தான் இருக்கிறேன். இதை விற்றுவிட்டு, மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக் வாங்கு என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பொங்கோல் மிருதங்கம்:
அவசரப்பட்டு விற்காதீர்கள். முதல் குற்றவாளி அந்த பாம் ஷெல்டர்தான். அமைதி வேறு, எதிரொலி இல்லாமல் இருப்பது வேறு. சுற்றிலும் கான்கிரீட், இரும்புக் கதவு, அளவோ சின்னது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்றால் 115 ஹெர்ட்ஸ் பக்கம் அறையே சேர்ந்து முழங்கும், ஆண் குரலின் அடித்தளமே அங்கேதான் இருக்கிறது. நானும் ஒரு தீபாவளி லீவு முழுக்க அதற்குள் வேர்த்து விறுவிறுத்து வாசித்துப் பதிந்து, கடைசியில் எல்லாவற்றையும் அழித்தேன். படுக்கையறைக்கு வாருங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, அதற்கு முதுகு காட்டி உட்காருங்கள், உங்களுக்குப் பின்னால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் மைக்கின் முகத்துக்குள் (ஒலி வாங்கும் பக்கம்) போகிறது, துணி அதை உறிஞ்சிவிடும்.

தெம்பனிஸ் ஒலிக்காரர்:
அலமாரி சரி. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மைக்கின் எந்தப் பக்கம் பேசுகிறீர்கள்?

செங்காங் கதைசொல்லி:
மேல் நுனியில்தான் அண்ணா, கோயில் விழாவில் பேசுகிற மாதிரி. ஓரடி தள்ளி.

தெம்பனிஸ் ஒலிக்காரர்:
அதேதான்! கையில் பிடிக்கும் ஷூர் எஸ்எம்58 போன்றவைக்குத்தான் நுனி முகம். ஸ்டூடியோ கண்டென்சர் பலவற்றுக்கு முகம் பக்கவாட்டில், பெரும்பாலும் நிறுவன முத்திரை இருக்கும் பக்கம். முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கில் 90 பாகை தள்ளிப் பேசினால் 6 டெசிபெல் குறையும், கூர்மையான ஒலிகள் இன்னும் அதிகமாகப் போய்விடும், மந்தமாக இருப்பது அதனால்தான். முகத்தைத் திருப்பிவிட்டு, ஒரு சாண் தூரத்துக்குள் வாருங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும், அறைச் சத்தம் அப்படியே இருக்கும். கெயினைக் குறைத்துக்கொள்ளலாம், இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். 'பாட்டி', 'பாம்பு' என்னும்போது காற்று அடிக்கும். பாப் ஃபில்டர் (காற்றைத் தடுக்கும் வலை) வைத்து, மைக்கை வாய்க்கு நேரே இல்லாமல் சற்றே ஓரமாக நிறுத்துங்கள்.

டைனமிக் பற்றி: அறைச் சத்தத்தை அது மாயமாக விழுங்கிவிடாது, வாயருகில் வைத்துப் பேசுவதால்தான் அப்படித் தோன்றுகிறது. ஷூர் எஸ்எம்7பி மாதிரியான டைனமிக் மைக்குகள் 60 டெசிபெல் அளவுக்குக் கெயின் கேட்கும், சின்ன இன்டர்ஃபேஸ் திணறும். ரீங்காரத்துக்குப் பதிவின்போது சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

செங்காங் கதைசொல்லி:
வெட்கமாக இருக்கிறது, ஒரு மாதம் மைக்கின் உச்சந்தலையிடம் கதை சொல்லியிருக்கிறேன். திருப்பி வைத்து, அலமாரியைத் திறந்துபோட்டுப் பதிந்தேன், கெயின் பாதிகூடத் தேவைப்படவில்லை. பேட்டரியில் ஓட்டினால் ரீங்காரமும் இல்லை. எல்ஆர்டி மட்டும் லேசாக விழுகிறது. இன்னொன்று, சில நாள் பதிவின் நடுவே 'படபட'வென்று பொரிகிற சத்தம் வருகிறது.

பொங்கோல் மிருதங்கம்:
ரயில் போகும்வரை நிறுத்திவிட்டு அந்த வரியை மறுபடி சொல்லுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். பொரிவது அநேகமாக ஈரம். நம் சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், காற்றோட்டமில்லாத பாம் ஷெல்டரில் கேட்கவே வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அப்புறமும் பொரிந்தால் கேபிளை மாற்றிச் சோதியுங்கள்.