டோல்கேட்டில் நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது: சென்னை வரை தாங்குமா?

குதிரைக்காரன்
அவசரம். மதுரையிலிருந்து மதியம் கிளம்பினோம், நானும் தங்கச்சியும். நாளை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான், காமிக்ஸ் ரசிகர்கள் வேடம் போட்டுக் கூடும் விழா. இப்போது திருமாந்துறை டோல் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தியிருக்கிறோம்.

2011 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 94,000 கி.மீ. ஓடிய வண்டி. சமயபுரம் டோலில் முன்னால் நின்ற லாரியின் ஃபாஸ்டேக் வேலை செய்யாமல் ஐந்து நிமிடம் நிற்க வேண்டியதாயிற்று. அப்போதே சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டியது. வெளியே வந்து 80-இல் போனதும் தானாக இறங்கிவிட்டது. சரி, வெயில்தான் என்று விட்டுவிட்டேன். திருமாந்துறையில் மறுபடியும் வரிசை. இந்த முறை ஏசியில் அனல் காற்று வந்தது, முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால், கூலன்ட் டப்பாவில் உலை கொதிப்பது போலச் சத்தம். அடியில் ஒழுகல் எதுவும் இல்லை.

பின்சீட்டில் ஐயனார் வேடம் இருக்கிறது. மார்க்கவசம், அரிவாள், குதிரைத் தலை எல்லாம் ஃபோமில் செய்தது, நான்கு மாத வேலை. பஸ்ஸில் ஏற்ற வழியே இல்லை. மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா?

ஸ்பானர் தாத்தா
தம்பி, முதலில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர், திறந்த நொடியில் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

அது ஆறுகிற வரை யோசி. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டர் வழியாகப் போய்ச் சூட்டை எடுத்துக்கொள்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது, அதற்கும் அதே காற்றுதான். நின்றால் சூடு ஏறுகிறது, ஏசியும் அனலடிக்கிறது என்றால் எனக்கு ஃபேன் மேல்தான் சந்தேகம். ஆறின பிறகு ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடு. சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றுகிறதா, சொல்.

கோவை டீசல்
தெர்மோஸ்டாட் போயிருக்கும், ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடுகிற வால்வு. எனக்கும் இப்படித்தான் ஆனது. கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

ஸ்பானர் தாத்தா
தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டால் 80-இல் போகும்போதும் சூடு ஏறும். இவருக்கு இறங்குகிறதே. நெடுஞ்சாலை ஓரத்தில் அதைக் கழற்றச் சொல்வது நல்ல யோசனை இல்லை.

குதிரைக்காரன்
அண்ணே, ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ஈரத்துணி போட்டு மூடியைத் திறந்தேன். கேன் தண்ணீர் ஒன்றரை லிட்டர் குடித்தது! டீக்கடைக்காரர் போர் தண்ணீர் கொடுத்தார், உப்பு என்று வேண்டாமென்றுவிட்டேன். ஸ்டார்ட் செய்து ஏசி போட்டேன். ஃபேன் அசையவே இல்லை.

இரவுப்பயணி
ஃபேன் கூட்டத்துக்குப் போகிற வண்டியில் ஃபேன் சுற்றவில்லை. மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வண்டி நகரவே இல்லையென்றால் 1033-க்கு அடியுங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவி எண். இருட்டுவதற்குள் முடிவெடுங்கள், பார்க்கிங் விளக்கைப் போட்டு வையுங்கள்.

ஸ்பானர் தாத்தா
ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஃபியூஸை எடுத்து வெளிச்சத்தில் பார். நன்றாக இருந்தால் ஃபேன் ரிலேயை, அதாவது ஃபேனுக்குக் கரன்ட் விடுகிற சின்ன சுவிட்ச் பெட்டியைப் பிடுங்கி, அதே எண் போட்ட இன்னொரு ரிலேயை அந்த இடத்தில் செருகு. ஹாரன் ரிலே பல வண்டிகளில் ஒத்துப்போகும். அப்புறம் ஃபேன் மோட்டாரின் வயர் செருகுகிற கப்ளர் கருகியிருக்கிறதா என்றும் பார்.

அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால், சாவியை எடுத்துவிட்டு, மோட்டாரின் முதுகில் வீல் ஸ்பானர் பிடியால் லேசாக நாலு தட்டு. இறகுகளுக்கு நடுவே விரல் போகக் கூடாது. சில வண்டிகளில் சாவி இல்லாவிட்டாலும் சூட்டுக்கு ஃபேன் திடீரென்று சுற்றும்.

குதிரைக்காரன்
ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ரிலே மாற்றினேன், பலனில்லை. கப்ளரும் சுத்தம். கடைசியாகத் தட்டினேன். ஸ்டார்ட் செய்து ஏசி போட்டதும் ஃபேன் சுற்றியது! தங்கச்சி கத்திய கத்தலில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. இரண்டு நிமிடத்தில் மறுபடி நின்றுவிட்டது.

ஸ்பானர் தாத்தா
அப்படியானால் மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டினால் தொடும், அதிர்ந்தால் விலகும். அதை நம்பிச் சென்னை வரை போகாதே. விழுப்புரம் வரை போ, அங்கே ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைப்பார்.

கிளம்புமுன் ஆயில் குச்சியை இழுத்துப் பார். ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் காக்கிற தகடு, போயிற்று என்று அர்த்தம், வண்டியை நகர்த்தவே கூடாது. ஆயில் சுத்தமாக இருந்தால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் கிளம்பு. ஏசி வேண்டாம், கண்ணாடியை இறக்கிவிடு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோயரையும் முழு வேகத்தில் போடு. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். வரிசையில் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிடு. முள் முக்காலைத் தாண்டினால் எந்த இடமானாலும் ஓரம் கட்டு. அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

பசைவாளி
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். குதிரைத் தலையை எதில் ஒட்டினீர்கள்? க்ளூ கன் என்றால் ஹீட்டர் காற்று படுகிற இடத்தில் வைக்காதீர்கள், அந்தப் பசை சூட்டில் இளகும். 2024 பிப்ரவரியில் சென்னையில் முதல் காமிக் கான் நடந்தபோது, வெயிலில் நின்ற காரில் என் தோள்கவசம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

குதிரைக்காரன்
ஐயோ. மார்க்கவசம் ரப்பர் பசை. குதிரைக் காதும் பிடரியும் க்ளூ கன்தான்.

பசைவாளி
அப்படியானால் தலையை டிக்கிக்கு மாற்றுங்கள். கழன்றால் பதற வேண்டாம். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒரே அழுத்தாக அழுத்துங்கள். முதலில் வைக்கும்போதே சரியாக வைக்க வேண்டும், அப்புறம் நகர்த்த முடியாது.

குதிரைக்காரன்
நேற்று எழுத முடியவில்லை. ஆயில் சுத்தமாக இருந்தது. டிக்கியில் குதிரைத் தலை நுழையவில்லை, அதனால் பின்சீட்டிலேயே பெல்ட் போட்டு உட்கார வைத்தோம். செங்குறிச்சி டோலில் இருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டார். ஹீட்டரில் கால் வெந்துபோனது, ஆனால் முள் பாதியைத் தாண்டவில்லை. பன்னிரண்டுக்கு விழுப்புரம், லாட்ஜில் தூக்கம்.

காலையில் எலக்ட்ரீஷியன் மோட்டாரைப் பிரித்துக் காட்டினார். ஒரு பிரஷ் அரிசி மணி அளவுதான் மிச்சம். வேறு மோட்டார் போட்டு, கூலன்ட்டும் புதிதாக ஊற்றி, 2,800 ரூபாய். பத்தரைக்குக் கிளம்பி இரண்டு மணிக்கு நந்தம்பாக்கம் வந்துவிட்டோம். தாத்தாவுக்கு ஒரு கும்பிடு.

ஸ்பானர் தாத்தா
நல்லது தம்பி. திரும்பும்போது காலையில், வண்டி ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவை ஒரு தடவை பார்த்துவிடு. உள்ளே காற்று தங்கியிருந்தால் மட்டம் இறங்கியிருக்கும்.

பசைவாளி
காது?

குதிரைக்காரன்
இடது காது திண்டிவனத்தில் விழுந்தது. பார்க்கிங்கிலேயே ஒட்டினேன், கொஞ்சம் பின்பக்கமாகத் திரும்பிவிட்டது. கோபமான குதிரை என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம்.