டிஸ்க்வேர்ல்டுக்குள் நீங்கள் வந்த கதை

காரைக்குடியிலிருந்து:

கல்லூரி விடுதியில் ஒரு அண்ணன் படிக்கக் கொடுத்த புத்தகம் அது, ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்டு' என்ற வேடிக்கையான மாயாஜால நாவல் தொடரில் ஒன்று. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது வளவில் தூணோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லுப்பா" என்றார்கள் அப்பத்தா. சொல்லத் தொடங்கினேன். தட்டு மாதிரி ஒரு உலகம், அதைத் தாங்கும் நான்கு யானைகள், யானைகளைச் சுமந்தபடி வானவெளியில் நீந்தும் பெரிய ஆமை. அப்பத்தா, "சரி, அப்புறம்?" என்று கேட்டார்கள். கூர்மாவதாரமும் எட்டுத் திக்கு யானைகளும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கெல்லாம் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து ரின்ஸ்விண்ட். மந்திரப் பல்கலைக்கழகத்தில் படித்தும் ஒன்றும் தேறாதவன். எட்டு மகாமந்திரங்களில் ஒன்று அவன் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ள, வேறு எந்த மந்திரமும் அங்கே தங்க மாட்டேன் என்கிறது. ஆபத்து என்றால் ஓடிவிடுவான். வாளெடுத்துப் பாயும் வீரர்களின் கதைகளில் இப்படி ஓடுகிறவனுக்கு என்ன மரியாதை? டெர்ரி பிராட்செட் அவன் பக்கமாக நின்று எழுதுகிறார். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம், ஆனால் அவன் நம் கண்ணில் சிறுத்துப்போவதில்லை. என்னை அந்தத் தொடரோடு கட்டிப்போட்டது இந்தப் பிரியம்தான். மந்திரமும் ஆமையும் அதற்குப் பிறகுதான்.

அப்பத்தாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தப் பெட்டி. நூற்றுக்கணக்கான குட்டிக் கால்களோடு, உடையவன் எங்கே போனாலும் தேடிக்கொண்டு ஓடும் மரப்பெட்டி. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன ஐயாக்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்குப் பெட்டிகள் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கோட்டையூரிலிருந்து:

அண்ணே, அந்த மந்திரப் பல்கலைக்கழகத்தின் நூலகரை விட்டுவிட்டீர்களே! மந்திரம் வெடித்துச் சிதறியதில் ஒராங்குட்டானாக மாறிவிட்டவர். திரும்ப மனிதராக்குகிறோம் என்றாலும் வேண்டாம் என்கிறார். நீண்ட கைகள், பிடிமானமுள்ள கால்கள், உயரமான அலமாரிகள். நூலகருக்கு வேறென்ன வேண்டும்? பேச்செல்லாம் 'ஊக்' ஒன்றுதான், ஆனால் சொல்ல வந்தது எல்லோருக்கும் புரிந்துவிடும். குரங்கு என்று மட்டும் அவரைச் சொல்லிவிடக் கூடாது. அங்கே மந்திரப் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். உலகத்தில் புத்தகம் சேர்ந்த இடமெல்லாம் ஒன்றோடொன்று உள்வழியாக இணைந்திருக்கிறது என்றும் ஒரு கற்பனை வருகிறது. ரோஜா முத்தையா எங்கள் ஊர்க்காரர். அவர் இங்கே வீட்டில் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும்தான் பிறகு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கற்பனை வெறும் வேடிக்கையாகத் தெரியவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

நான் ஆசிரியை. 1987இல் வந்த மூன்றாவது நாவலின் கதையை வகுப்பில் சொன்னேன். எட்டாவது மகனுக்கு எட்டாவதாகப் பிறக்கும் மகன் மந்திரவாதி ஆவான் என்பது அந்த உலகத்து விதி. சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு மந்திரவாதி, பிறந்தது ஆணா பெண்ணா என்று பார்க்காமலே குழந்தையிடம் தன் கோலை ஒப்படைத்துவிடுகிறார். குழந்தை பெண். பல்கலைக்கழகமோ பெண்களைச் சேர்ப்பதில்லை. "கோலே அவளை ஏத்துக்கிச்சு, அப்புறம் இவங்க யாரு டீச்சர்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தே விட்டாள். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை.

தொடரில் மொத்தம் 41 நாவல்கள். 1983இல் வந்த முதலாவதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை, பெரும்பாலானவற்றைத் தனியாகவே படிக்கலாம். முதல் இரண்டில் வேடிக்கை நிறைய, கதை கொஞ்சம் அலையும். மூன்றாவதிலிருந்து மனிதர்கள் ஆழமாகிறார்கள். என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.