வியன்னாவின் பழைய தேவாலயங்கள்: ஒரே பகலில் எவற்றைப் பார்ப்பது?

கேள்வி: வியன்னாவில் எங்களுக்கு ஒரு பகல் மட்டுமே கிடைக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வருவதால், எந்தத் தேவாலயங்களைத் தேர்ந்தெடுப்பது என்று சென்று வந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1: புனித ஸ்தேவான் பேராலயத்தில் தொடங்குங்கள். 136 மீட்டர் உயரமுள்ள தெற்குக் கோபுரத்தில் 343 படிகள் ஏற வேண்டும் என்பதால் அதை விட்டுவிடலாம். வடக்குக் கோபுரத்துக்கு மின்தூக்கி உண்டு. அங்குள்ள பும்மரின் என்னும் பெருமணி, துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்க்கப்பட்டு, 1945ஆம் ஆண்டுத் தீவிபத்தில் விழுந்து நொறுங்கி, அந்த உலோகத்தைக் கொண்டே 1951இல் மீண்டும் வார்க்கப்பட்டது. மொசார்ட்டின் திருமணம் நடந்ததும் இப்பேராலயத்தில்தான்.

மறுமொழி 2: என் தேர்வு கார்ல்ஸ்கிர்ஹே. 1713இல் கொள்ளைநோய் பரவியபோது பேரரசர் ஆறாம் சார்லஸ் நேர்ந்துகொண்டபடி எழுப்பிய இக்கோயிலின் முன்புள்ள இரு தூண்கள், ரோம் நகரின் திராயான் தூணை நினைவூட்டும். நுழைவுக்கட்டணம் உண்டு, குவிமாட ஓவியங்களுக்காக அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மறுமொழி 3: ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள், திருப்பலி நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள்.